பேரரசி மெட்டில்டா: முடி மறுக்கப்பட்ட மகள்

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றில் வாழ்ந்த பெண் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, வைத்தியரிடம் வரலாறு கேட்கலாமா என்று சொல்லி முதலில் மறுத்தேன். தொலைபேசியை வைத்த பிறகு ஒரு படம் நினைவுக்கு வந்தது.

எமது பாடசாலை நூலகத்தில், யன்னலோர அலுமாரியின் கீழ்த்தட்டில், அட்டை கழன்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த காலம். ஊரில் மின்சாரம் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. அந்த வெளிச்சத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பனி கொட்டும் இரவு. வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெண், உறைந்து கிடக்கும் ஆற்றின் மேல் நடந்து, பகைவர் சூழ்ந்த கோட்டையிலிருந்து தப்பிப் போகிறார். படத்தின் கீழே இரண்டு வரி. அவர் மிகுந்த கர்வக்காரி என்றும், அந்தக் கர்வத்தாலேயே இங்கிலாந்தின் முடியை இழந்தார் என்றும் அதில் இருந்தது.

படம் மனதில் தங்கியது. அந்த இரண்டு வரியையும் அப்படியே நம்பினேன். பல ஆண்டுகள் கழித்து அவருடைய வாழ்க்கையை விரிவாகப் படித்தபோதுதான் நான் அறிந்திருந்தது பாதிக் கதை என்று விளங்கியது. அவர்தான் பேரரசி மெட்டில்டா. மீதிக் கதையை இங்கே எழுதுகிறேன்.

மெட்டில்டா 1102ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஹென்றி. 1066இல் நோர்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியத்தின் கடைசி மகன் அவர். தாய் ஸ்கொட்லாந்து அரசரின் மகள். பழைய ஆங்கிலேய அரச குலத்தின் இரத்தம் தாய்வழியில் வந்தது. அடுத்த ஆண்டே வில்லியம் என்ற தம்பி பிறந்தான். ஆகவே முடி யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. மகனுக்கு அரசு, மகளுக்குக் கலியாணம்.

எட்டு வயதில், 1110இல், மெட்டில்டா ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டு அரசர் ஐந்தாம் ஹென்றிக்கு அவரை நிச்சயித்திருந்தார்கள். சீதனம் 10,000 மார்க் வெள்ளி. அதற்கென இங்கிலாந்து மக்களிடம் தனி வரி அறவிடப்பட்டது. மைன்ஸ் நகரில் அந்தச் சிறுமிக்கு அரசியாக முடி சூட்டினார்கள். பின்னர் ட்ரையர் நகரப் பேராயரின் பொறுப்பில் விட்டு, அந்நாட்டு மொழியையும் வழக்கங்களையும் கற்பித்தார்கள். 1114 ஜனவரியில், பன்னிரண்டு வயது நிறைய முன்னர், திருமணம் நடந்தது.

பிற்காலத்தில் அவரைப் பழித்தவர்கள் மறந்த ஒரு விடயம் உண்டு. ஆட்சி அவருக்குப் புதிய வேலை அல்ல. 1118இல் கணவர் அல்ப்ஸ் மலையைக் கடந்து வடக்கே திரும்பியபோது, இத்தாலியில் அவர் சார்பாக நின்று வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர் மெட்டில்டா. அப்போது வயது 16. எங்கள் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயது.

1120 நவம்பர் 25ஆம் திகதி இரவு எல்லாம் மாறியது. நோர்மண்டியின் பார்ஃப்ளூர் துறையிலிருந்து புறப்பட்ட 'வெள்ளைக் கப்பல்' பாறையில் மோதிக் கவிழ்ந்தது. அதில் ஏறத்தாழ 300 பேர் இருந்தார்கள். தம்பி வில்லியமும் அவர்களோடு மூழ்கினான். பிழைத்தவர் ரூவன் நகரத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் மட்டுமே. அந்தக் கப்பலில் ஏறிவிட்டுப் புறப்பட முன்னர் இறங்கியவர்களில் ஸ்டீபன் என்ற இளம் பிரபுவும் ஒருவர். அரசரின் சகோதரி மகன். வயிற்றோட்டம் காரணமாக இறங்கினார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு வயிற்றோட்டம் ஒரு நாட்டின் வரலாற்றை மாற்றியது என்று என் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

மனைவியை ஏற்கனவே இழந்திருந்த அரசர், 1121இல் அடெலிசா என்ற இளம்பெண்ணை மணந்தார். பிள்ளை பிறக்கவில்லை. அரசருக்கோ திருமணத்துக்கு வெளியே இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஆகவே குறை யாரிடம் என்று ஊர் முடிவு கட்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அரசர் இறந்த பின்னர் அடெலிசா மறுமணம் செய்து பல பிள்ளைகளைப் பெற்றார். பிள்ளையில்லாத தம்பதியரில் மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு வரும் மாமியார்களை இன்றும் சந்திக்கிறேன். அவர்களிடம் அடெலிசாவின் கதையைச் சொன்னால் நல்லது என்று தோன்றும்.

1125இல் ஐந்தாம் ஹென்றி இறந்தார். மெட்டில்டாவுக்கு 23 வயது, பிள்ளைகள் இல்லை. தந்தை மகளைத் திருப்பி அழைத்தார். 1127 ஜனவரி முதலாம் திகதி, தமக்கு ஆண் வாரிசு பிறக்காவிட்டால் மெட்டில்டாவையே வாரிசாக ஏற்போம் என்று பிரபுக்களையும் ஆயர்களையும் சத்தியம் செய்ய வைத்தார். மெட்டில்டாவின் சகோதரரான கிளோஸ்டர் ரொபேட்டும், வெள்ளைக் கப்பலிலிருந்து இறங்கித் தப்பிய ஸ்டீபனும், யார் முந்திச் சத்தியம் செய்வது என்று போட்டி போட்டார்களாம். ரொபேட் அரசருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். ஆகவே முடிக்கு உரிமை இல்லாதவர்.

அடுத்த ஆண்டு மெட்டில்டாவுக்கு இரண்டாவது திருமணம். மாப்பிள்ளை ஆஞ்சு நாட்டுப் பிரபுவின் மகன் ஜெப்ரி. அவருக்கு இன்னும் பதினைந்து வயது நிறையவில்லை, மெட்டில்டாவுக்கு 26. பேரரசியாக இருந்தவருக்கு ஒரு பிரபுவின் மகன் இறக்கமாகவே பட்டது. ஓராண்டுக்குள் பிரிந்து தந்தையிடம் வந்துவிட்டார். 1131இல் பிரபுக்கள் மீண்டும் ஒருமுறை சத்தியம் செய்தார்கள். மெட்டில்டாவும் கணவரிடம் திரும்பினார். 1133 மார்ச்சில் மூத்த மகன் ஹென்றி பிறந்தான்.

1134இல் ரூவன் நகரில் இரண்டாவது பிரசவம். அது கடினமாகி மெட்டில்டா சாவின் விளிம்புவரை போனார். பிழைக்கமாட்டார் என்றே எல்லோரும் எண்ணினர். படுக்கையில் கிடந்தபடியே அவர் தமது உடைமைகளைப் பகிர்ந்து கொடுத்தார். தம்மை பெக் என்ற துறவு மடத்தில் அடக்கம் செய்யும்படி தந்தையிடம் கேட்டார். தந்தையோ முன்னோர் உறங்கும் ரூவன் பேராலயத்தில்தான் வைக்க வேண்டும் என்றார். மகள் விடவில்லை. கடைசியில் தந்தை இணங்கினார். இரத்தம் ஏற்ற வசதியோ நோய்க்கிருமி பற்றிய அறிவோ இல்லாத காலம் அது. அந்த நிலையிலிருந்து ஒரு தாய் எழுந்து வருவது எவ்வளவு அரிது என்பதைப் பிரசவ விடுதியில் வேலை செய்த எவரும் அறிவர். மெட்டில்டா எழுந்து வந்தார்.

தந்தையுடனான உறவு சீதனத்தில் முறிந்தது. நோர்மண்டியின் எல்லைக் கோட்டைகள் சில சீதனமாக வாக்களிக்கப்பட்டிருந்தன. மகளும் மருமகனும் அவற்றை உடனே கேட்டார்கள். தந்தை தாம் உயிரோடு இருக்கும்வரை கொடுக்க மாட்டேன் என்றார். சீதன வளவின் உறுதியை மாற்றிக் கொடுக்காமல் இழுத்தடித்ததால் முறிந்த குடும்பங்களை நாம் அறிவோம். இங்கேயும் அதேதான், அளவு மட்டும் பெரிது. 1135 டிசம்பர் முதலாம் திகதி, விலாங்கு போன்ற ஒருவகை மீனை வைத்தியரின் சொல்லை மீறிச் சாப்பிட்டு நோயுற்று அரசர் இறந்தார் என்பார்கள். அப்போது மகள் அருகில் இல்லை. தகவல் வந்தபோது மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தது.

ஸ்டீபன் காத்திருக்கவில்லை. உடனே கடல் கடந்து லண்டனுக்கு வந்தார். அவருடைய சகோதரர் வின்செஸ்டர் ஆயர். பொக்கிஷமும் திருச்சபையும் அவரால் வசப்பட்டன. இறக்கும் தறுவாயில் அரசர் மனம் மாறினார் என்று ஒருவர் சாட்சி சொன்னார். டிசம்பர் 22ஆம் திகதி ஸ்டீபன் முடி சூடினார். சத்தியம் செய்தவர்களில் மிகப் பலர் அவர் முன்னே பணிந்தார்கள். பாப்பரசரும் அவரை ஏற்றுக்கொண்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டீபனின் உரிமை எங்கிருந்து வந்தது? அவர் வில்லியத்தின் மகள்வழிப் பேரன். முடியின் மேல் அவருக்கு இருந்த இரத்த உரிமை தாய் கொடுத்தது. ஒரு பெண் உரிமையைத் தன் மகனுக்குக் கடத்தலாம், ஆனால் தன் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படி நடந்துகொண்டார்கள்.

மெட்டில்டா விடவில்லை. தந்தை மறுத்த எல்லைக் கோட்டைகளை உடனே கைப்பற்றி அங்கேயே தங்கினார். மூன்றாவது மகன் பிறந்தான். 1138இல் சகோதரர் ரொபேட் அவர் பக்கம் வந்தார். 1139 செப்டெம்பர் இறுதியில் இருவரும் சுமார் 140 குதிரைவீரருடன் இங்கிலாந்தின் ஆரண்டல் கோட்டையில் இறங்கினார்கள். கதவு திறந்தவர் சின்னம்மா அடெலிசா. ஆறு, ஐந்து, மூன்று வயதுப் பிள்ளைகள் மூவரும் தந்தையிடம் அக்கரையில் இருந்தார்கள். பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுக் கடல் கடந்துபோன எங்கள் தோழியர் பலருக்கு இந்த வரியில் நான் எழுதாத விடயமும் தெரியும்.

1141 பெப்ரவரி 2ஆம் திகதி, லிங்கன் நகரப் போரில் ஸ்டீபன் சிறைபிடிக்கப்பட்டார். இப்போது ஸ்டீபனின் சகோதரரான ஆயரே கட்சி மாறி மெட்டில்டாவை வரவேற்றார். ஏப்ரலில் 'ஆங்கிலேயரின் தலைவி' என்ற பட்டம் கிடைத்தது. முடிசூட்டுக்காக ஜூனில் லண்டன் வந்தார். வென்றுவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அங்கேதான் சறுக்கியது. அவருடைய பிழைகளை நான் மறைக்கப் போவதில்லை. கையில் பணம் இல்லை. போரால் நொந்திருந்த லண்டன் மக்களிடம் பெருந்தொகை கேட்டார். அவர்கள் தவணை கேட்டபோது சீறினார். சிறையிலிருந்த ஸ்டீபனின் குடும்பச் சொத்தை அவருடைய மகனுக்கு விட்டுக்கொடுக்கும்படி ஆயர் கேட்டபோதும் மறுத்தார். கணவரை விடுவிக்கும்படி ஸ்டீபனின் மனைவி வேண்டியதையும் கடுமையாக நிராகரித்தார். கொஞ்சம் இறங்கியிருக்கலாம் என்று இன்று படிக்கும்போதும் மனம் பதைக்கிறது.

ஆனால் ஸ்டீபனின் பக்கம் நின்று எழுதிய வரலாற்றாசிரியர் இவற்றோடு இன்னொன்றையும் குற்றமாக எழுதினார். பெரியவர்கள் வந்து பணிந்தபோது மெட்டில்டா ஆசனத்திலிருந்து எழுந்து நிற்கவில்லையாம். எந்த அரசர் எழுந்து நின்றார்? தந்தை பணம் கேட்டபோது அது வரி. மகள் கேட்டபோது அது பேராசை.

இன்னும் வியப்பானது, ஸ்டீபனின் மனைவியின் பெயரும் மெட்டில்டா. கணவர் சிறையிலிருந்தபோது அவர் படை திரட்டி, தேம்ஸ் நதியின் தென்கரை முழுவதும் எரித்துச் சூறையாட வைத்து, லண்டனை மிரட்டினார். அதே வரலாற்றாசிரியர் அவரைப் புகழ்ந்து எழுதுகிறார். கணவனுக்காகப் படை நடத்திய மெட்டில்டாவுக்குப் புகழ். தன் உரிமைக்காகப் படை நடத்திய மெட்டில்டாவுக்குப் பழி. இதைப் படித்த அன்று நீண்ட நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன். நான் வேலை செய்த ஓரிடத்தில், ஒரு நோயாளிக்கு இரவில் இரத்தம் உடனே வேண்டும் என்று குரலை உயர்த்திக் கேட்டதற்காக எனக்குத் தலைக்கனம் என்று பெயர் வந்தது. அதே விடுதியில் அதே குரலில் பேசிய ஆண் வைத்தியர் கண்டிப்பானவர் எனப்பட்டார்.

ஜூன் 24ஆம் திகதி லண்டன் மக்கள் ஆயுதத்தோடு கிளம்பினார்கள். மெட்டில்டா உணவு மேசையிலிருந்து எழுந்து, குதிரையேறி ஒக்ஸ்போட்டுக்குத் தப்பினார். முடிசூட்டு நடக்கவே இல்லை. செப்டெம்பரில் வின்செஸ்டரில் அவருடைய படை சிதறியது. அவர் தப்பிச் செல்ல நேரம் கொடுப்பதற்காகப் பின்னால் நின்று போரிட்ட ரொபேட் பிடிபட்டார். ரொபேட் வேண்டுமென்றால் ஸ்டீபனை விட வேண்டும். நவம்பரில் ஒருவருக்கு ஒருவர் மாற்றிக்கொண்டார்கள். அரசரை விட்டுச் சகோதரரைப் பெற்றார் மெட்டில்டா. கர்வத்துக்காக எல்லாவற்றையும் இழந்தவர் என்ற பெயரோடு இதுவும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

1142 டிசம்பரில்தான் நான் சிறுவயதில் பார்த்த அந்தப் படம் நடந்தது. ரொபேட் உதவி தேடி நோர்மண்டிக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்டீபன் ஒக்ஸ்போட் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே உணவு தீர்ந்துவிட்டது. ஓர் இரவில் மெட்டில்டா மூன்று நான்கு வீரருடன் வெளியேறி, காவலரைத் தாண்டி, உறைந்த ஆற்றைக் கடந்து, பனியில் பல மைல் நடந்து அபிங்டனுக்கும் அங்கிருந்து வோலிங்ஃபோட் கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தார். பனியில் தெரியாமலிருக்க வெள்ளை உடுத்தியிருந்தார் என்பார்கள். வயது 40.

அதன் பிறகு எவரும் வெல்லாத போர் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஊருக்கு ஊர் கோட்டைகள் எழுந்தன. அவற்றைக் கட்டக் குடியானவர்களைப் பிடித்து வேலை வாங்கினார்கள். வயல்கள் தரிசாகின, மக்கள் பட்டினி கிடந்தார்கள். இந்த இடத்தில் எனக்கு மெட்டில்டாவை முழுமையாக ஆதரிக்க மனம் வருவதில்லை. உரிமை அவருடையது, விலை கொடுத்தவர்கள் பெயர் தெரியாத மக்கள். மூட்டை முடிச்சுகளோடு இடம்பெயர்ந்த தலைமுறை நாங்கள். நியாயம் எந்தப் பக்கம் என்று பேசுபவர்கள் ஒருபுறம் இருக்க, மரத்தடியில் பிள்ளை பெற்ற பெண்ணை யார் நினைக்கிறார்கள் என்று கேட்கப் பழகியவர்கள் நாங்கள். ஆனாலும் முதலில் சத்தியத்தை மீறியவர் மெட்டில்டா அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1147 இறுதியில் ரொபேட் இறந்தார். அடுத்த ஆண்டு மெட்டில்டா நோர்மண்டிக்குத் திரும்பினார். தோற்றுத் திரும்பினார் என்று எழுதுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தமது தலைக்கு அந்த முடி வராது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் உரிமையைக் கைவிடவில்லை. மகன் ஹென்றியிடம் ஒப்படைத்தார். அதற்குள் ஜெப்ரி நோர்மண்டியை வென்றிருந்தார். 1150இல் ஹென்றி அந்நாட்டின் தலைவரானார். 1153இல் படையோடு இங்கிலாந்து வந்தார். இரு பக்கத்துப் பிரபுக்களும் இனிப் போர் வேண்டாம் என்றார்கள். ஸ்டீபன் உயிருள்ளவரை அரசர், அவருக்குப் பின் ஹென்றி என்று உடன்படிக்கை ஆனது. 1154 டிசம்பர் 19ஆம் திகதி இரண்டாம் ஹென்றி முடி சூடினார்.

மெட்டில்டா அந்த முடிக்குப் பக்கத்தில் போய் நிற்கவில்லை. ரூவன் நகருக்கு அருகில் துறவு மடமொன்றின் பக்கத்தில் எளிமையாக வாழ்ந்தார். மகன் இல்லாத வேளைகளில் நோர்மண்டியின் நிருவாகத்தைப் பார்த்தார். 1155இல் அயர்லாந்தின் மீது படையெடுக்க மகன் எண்ணியபோது தடுத்தவர் அவர். தோமஸ் பெக்கெட்டைப் பேராயராக்க வேண்டாம் என்றார், மகன் கேட்கவில்லை. பின்னர் இருவருக்கும் பகை மூண்டபோது சமாதானம் செய்ய முயன்றார். சேன் நதிக்குக் குறுக்கே ரூவனில் கற்பாலம் கட்டப் பணம் கொடுத்தார். லண்டனில் தவணை கேட்ட மக்கள் மீது சீறியவர், முதுமையில் போரை நிறுத்துபவராகவும் பாலம் கட்டுபவராகவும் இருந்தார். அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட ஆட்சியாளர்கள் வரலாற்றில் அதிகம் இல்லை.

1167 செப்டெம்பர் 10ஆம் திகதி, 65 வயதில் இறந்தார். 33 ஆண்டுகளுக்கு முன் பிரசவப் படுக்கையில் கேட்டபடியே பெக் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். காலம் மடத்தின் ஆலயத்தை அழித்தது. 1847இல் அவருடைய எலும்புகளை எடுத்து ரூவன் பேராலயத்தில் வைத்தார்கள். தந்தை சொன்ன இடம்! 700 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அந்த விவாதத்தில் மகளே வென்றிருந்தார்.

அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்ட வாசகம் அவரை ஒரு ஹென்றியின் மகள், இன்னொரு ஹென்றியின் மனைவி, மூன்றாவது ஹென்றியின் தாய் என்று போற்றியது. தாமாக அவர் செய்த எதுவும் அதில் இல்லை. ஆனால் மகன் வேறு விதமாக நினைத்திருக்கிறார். தந்தை பெயரைச் சொல்லி அறியப்படும் காலத்தில், அவர் தம்மைப் பேரரசியின் மகன் ஹென்றி என்று அழைத்துக்கொண்டார். கல்லில் எழுதியதைவிட அது பெரிது என்று நினைக்கிறேன்.

தமது சொந்த உரிமையில் ஒரு பெண் இங்கிலாந்தின் அரசியாக முடி சூட 1553வரை, முதலாம் மேரிவரை, காத்திருக்க வேண்டியிருந்தது. நானூறு ஆண்டுகள்.

எங்கள் சங்கத்துக்கு இப்போது நூறு வயது. இந்த நூறு ஆண்டில் எங்கள் பாடசாலையிலிருந்து வெளியேறியவர்களில் பலர் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே ஊரில் அறியப்பட்டிருப்பார்கள். அந்த உறவுகள் பெருமைக்குரியவைதான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் எங்கள் சொந்தப் பெயரை எழுதி, ஒவ்வொரு காலையும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, நாங்கள் எழுந்து பதில் சொல்ல வைத்த இடம் இந்தப் பாடசாலை. கொழும்பிலும் லண்டனிலும் ரொரன்ரோவிலும் சிட்னியிலும் இந்த மலரைப் புரட்டும் தோழியரே, இனிமேல் ஒரு பெண்ணைக் கர்வக்காரி என்று எவரேனும் சொல்லக் கேட்டால், அவள் கேட்டது என்ன, அது அவளுடையதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

சங்கம் இன்னும் பல நூற்றாண்டு காண வாழ்த்துகிறேன்.